அறிவினாவும் அறியாவினாவும்: 'டோராவின் பயணங்கள்' தொடரும் தென்சென்னைப் புறநகர்ச் சிறுமியரும்

ஆய்வுச்சுருக்கம்

சுட்டி டிவியில் ஒளிபரப்பான 'டோராவின் பயணங்கள்' என்னும் மொழிமாற்றுத் தொடர், தமிழகத்தில் இன்று இருபது வயதைக் கடந்து நிற்கும் தலைமுறையினரின் இளமை நினைவுகளுள் முதன்மையானது. பெண்மை குறித்த வழக்கமான எண்ணங்களை இத்தொடர் மீறியது எனப் பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அம்மீறலைக் கதைப்பொருளில் தேடுவதைவிட, டோராவுக்கு வாய்த்த இரண்டு உரிமைகளில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒன்று வழிநடக்கும் உரிமை. மற்றொன்று விடை அறிந்து வினவும் உரிமை. தமிழ் மொழியமைப்பு இவற்றுக்குத் துணைநின்ற முறையும், பிற்காலக் கேலி வழக்கு இரண்டாவது உரிமையைப் பறித்த முறையும், தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிச் சிறுமியரின் வாழ்சூழலோடு இணைத்து இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டோரா, சுட்டி டிவி, மொழிமாற்றுத் தொடர், பிள்ளைத்தமிழ், மணிமேகலை, அறிவினா, உளப்பாட்டுத் தன்மை, தாம்பரம்

முன்னுரை

அமெரிக்காவின் நிக்கலோடியன் அலைவரிசையில் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 அன்று தொடங்கிய குழந்தைகள் தொடர் 'டோரா தி எக்ஸ்ப்ளோரர்'. கிறிஸ் கிஃபோர்டு, வேலரி வால்ஷ் வால்டெஸ், எரிக் வீனர் ஆகிய மூவர் இதனை உருவாக்கினர். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தோழனாகிய குரங்குடன் ஓரிடத்திற்குப் புறப்படுகிறாள். பேசும் வரைபடம் வழியில் கடக்க வேண்டிய மூன்று இடங்களைச் சொல்கிறது. பேசும் முதுகுப்பை வேண்டிய பொருளைத் தருகிறது. திருட வரும் நரியைத் தடுத்து, பாலத்தடியில் இருக்கும் பூதத்தின் விடுகதைக்கு விடை கூறி, அவள் சென்று சேர்கிறாள். ஏறத்தாழ எல்லாக் கதைகளின் அமைப்பும் இதுவே. கதை இல்லை என்றே சொல்லிவிடலாம்; வழி மட்டுமே உண்டு.

2007ஆம் ஆண்டு ஏப்ரலில் சன் குழுமம் குழந்தைகளுக்கெனச் சுட்டி டிவியைத் தொடங்கியது. அதில் தமிழ் பேசிய டோராவே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் டோரா. பூட்ஸ் என்னும் குரங்கு தமிழில் 'புஜ்ஜி' ஆயிற்று. 'டோரா புஜ்ஜி' என இரு பெயரும் சேர்ந்து ஒரு தொடர்மொழி போல வழங்கலாயிற்று. மூலத்தில் ஆங்கிலம் பேசிக்கொண்டே ஸ்பானியச் சொற்களைக் கற்பித்தவள், இங்குத் தமிழ் பேசிக்கொண்டே ஆங்கிலச் சொற்களைக் கற்பிப்பவள் ஆனாள். சிறுபான்மையினரின் மொழிக்குப் பெருமை சேர்க்க அங்கு எடுக்கப்பட்ட முயற்சி, இங்கு வந்ததும் ஆங்கிலவழிக் கல்வியின் துணைப்பாடமாக மாறிவிட்டது. இது தனியே ஆராயத்தக்கது.

இத்தொடர் வந்து சேர்ந்த காலமும் கருதத்தக்கது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் எளிய வீடுகளுக்குள்ளும் வண்ணப் பெட்டியைக் கொண்டு சேர்த்திருந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் அமைந்த ஏற்றுமதி வளாகம், வட்டார வழக்கில் 'மெப்ஸ்', சுற்றுவட்டாரப் பெண்கள் பலரைத் தொழிலாளர் ஆக்கியிருந்தது. தாய் வேலை முடிந்து திரும்பும்வரை பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி துணையிருக்கும் வீடுகள் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் மிகுந்தன. இரவில் அதே பெட்டியில், அதே குழுமத்தின் சன் டிவியில் 'கோலங்கள்' ஓடியது. 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான அத்தொடரின் தலைவி அபி, கட்டுமானத் தொழில் நடத்தும் ஆற்றலுடையவள். ஆயினும் அவள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் குடும்பத்தார்க்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். மாலையில் யாருக்கும் விளக்கம் சொல்லாத சிறுமி, இரவில் எல்லார்க்கும் விளக்கம் சொல்லும் பெண் என இருவரை ஒரே பெட்டியில் கண்டு வளர்ந்த தலைமுறை இது.

பருவமும் விளையாட்டும்

குழந்தையின் விளையாட்டை ஆண், பெண் எனப் பகுப்பது தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் காப்பு முதல் அம்புலி வரையிலான ஏழும் இருபாற்கும் பொது. எஞ்சிய மூன்றில் வழி பிரிகிறது. ஆண்பாற்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல்; பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல். (அம்மானைக்கும் நீராடலுக்கும் மாற்றாக வேறு பருவங்களைக் கூறுவோரும் உளர்.) இப்பகுப்பை அழகியல் மரபாகவே நாம் பயிற்றுவித்து வருகிறோம். அதன் இயக்கத்தை மட்டும் தனியே நோக்கினால் வேறொன்று புலப்படும். ஆண்குழந்தையின் மூன்று விளையாட்டும் புறத்தே செல்பவை: தெருவில் பிறர் கட்டிய மணல்வீட்டை அழிக்கிறது, ஊர் கேட்க ஒலி எழுப்புகிறது, தேரை உருட்டிக்கொண்டு இடம் பெயர்கிறது. பெண்குழந்தையின் ஊசல் மிக விரைந்து அசைகிறது; புறப்பட்ட இடத்திற்கே மீள்கிறது. சிற்றில் இழைப்பவள் சிறுமி, சிதைப்பவன் சிறுவன் என்பதும் இம்மரபிற்குள்ளேயே அமைந்த செய்தி.

தமிழ்ச்சிறுமிக்கு மரபு வழங்காத சிறுதேரையே டோரா உருட்டினாள் எனலாம். அவள் கையில் பொம்மையில்லை, அடுப்புச் சொப்பில்லை. முதுகில் பை, கையில் வரைபடம். 2008இல் போகோ அலைவரிசையில் தொடங்கிப் பெரும்புகழ் பெற்ற 'சோட்டா பீம்' தொடரோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அத்தொடரின் சிறுமி சுட்கி, லட்டு செய்து விற்பவரின் மகள். பீமின் வலிமைக்கு ஊற்றாகிய லட்டை அவனுக்குக் கொடுப்பவள். அவள் அறிவுடையவளாகவும் துணிந்தவளாகவும் காட்டப்பட்ட இடங்கள் உண்டு. ஆயினும் வழி பீமுடையது. நம் மண்ணில் உருவான தொடர் ஊசலையும், கடல்கடந்து வந்த தொடர் சிறுதேரையும் தந்தன என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் மரபை நன்கு அறிந்தவர்கள் நம்மவர்கள்தாம்.

வழியும் இசைவும்

மூலத்தலைப்பு டோராவைத் 'தேடிச்செல்பவள்' என வினைமுதற்பெயரால் சுட்டுகிறது. தமிழ்த்தலைப்பு அவ்வினைமுதலை நீக்கிப் 'பயணங்கள்' என்னும் பொருட்பெயரை வைத்து, அதனை அவளுக்கு உடைமையாக்குகிறது. இதனை மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவாகக் கொள்ள வேண்டியதில்லை. தேடலாய்வாளர் என நம் பாடநூல்கள் அறிமுகப்படுத்தியவர்கள் கொலம்பசும் வாஸ்கோடகாமாவும்; நம் வட்டாரத்திற்கு வந்தால், 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட். அச்சொல்லைச் சிறுமிக்கு ஏற்றிச் சொல்லும் வழக்கு தமிழில் உருவாகியிருக்கவில்லை. பயணம் என்னும் சொல்லோ எவர்க்கும் பொதுவானது.

பெண் தனியே வழிநடத்தல் என்பது தமிழ் இலக்கியத்தில் இல்லாததன்று. சங்கப் பாடல்களில் விறலியர் வழிநடந்தனர். அவர்களை ஆற்றுப்படுத்தும் துறையே உண்டு. அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். ஆயினும் பிற்கால நினைவு அத்தகைய பெண்ணிடம் ஒரு விலையைக் கேட்டது. மணம் வேண்டாது முதுமையை வேண்டிப் பெற்றாள் என்று ஔவைக்குக் கதை கட்டியது. காரைக்கால் அம்மையார் பேயுருவை இரந்து பெற்ற பின்னரே கயிலைக்கு நடந்தார். இவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியது மணிமேகலை. மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மந்திரங்களை அருளுங்கால், இளையள் என்றும் பெண் என்றும் கருதி எவரும் மெய்ப்பொருளை உனக்கு உரையார் எனக் காரணம் கூறி, வேற்றுரு எய்தும் மந்திரத்தையும் வான்வழிச் செல்லும் மந்திரத்தையும் தருகிறது. வஞ்சியில் சமயக்கணக்கரிடம் வினவச் செல்லும்போது மணிமேகலை மாதவன் வடிவம் கொள்கிறாள். வழிநடக்க ஒரு மந்திரம், வினவ ஒரு மந்திரம். ஆணுரு கொள்ளாமல் பெண் வினவ இயலாது என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை. அதை ஒரு தெய்வத்தின் வாயில் வைத்தார். டோராவுக்கு இவ்விரண்டு மந்திரங்களும் தேவைப்படவில்லை என்பதுதான் இத்தொடரின் சிறப்பு.

இதன் அருமை, இதே நோக்கில் எடுக்கப்பட்ட மற்றொரு தொடரோடு வைத்துப் பார்க்கையில் விளங்கும். தெற்காசியச் சிறுமியரின் நிலையை மேம்படுத்த 1990களின் தொடக்கத்தில் யுனிசெஃப் நிறுவனம் 'மீனா' என்னும் அசைபடத் தொடரை உருவாக்கியது. மும்பை ராம் மோகன் அதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு ஆற்றினார். மீனா, தம்பி ராஜு, மிட்டு என்னும் கிளி ஆகியோர் அதன் முதன்மை மாந்தர். மாங்கனியைப் பங்கிடும்போது ஏன் தனக்குக் குறைவு என மீனா கேட்பதும், உடன்பிறந்தார் இருவரும் ஒருநாள் வேலையை மாற்றிச் செய்து பார்ப்பதும் பெரிதும் பேசப்பட்ட கதை. சமூகப் பயனில் டோரா மீனாவிற்கு ஈடாகாது, இதில் ஐயமில்லை. ஆனால் மீனாவின் உலகில் மறுப்பு முன்னதாகவே இருக்கிறது. பள்ளி செல்ல, சமமாக உண்ண, ஒவ்வொன்றுக்கும் அவள் வாதிட்டுப் பெரியோரின் இசைவைப் பெற வேண்டும். வாதில் வெல்கிறாள், எனினும் இசைவு தருவோர் பெரியோரே என்ற ஏற்பாடு அவ்வெற்றியாலேயே உறுதிப்படவும் செய்கிறது. டோராவிடம் 'எங்கே போகிறாய்?', 'யாருடன்?', 'எப்போது திரும்புவாய்?' என எவரும் கேட்பதில்லை. அக்கேள்விகள் இல்லாத ஓர் உலகைக் காட்டியதே தொடரின் செயல். அதைப் பற்றித் தொடர் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதே அதன் வலிமை.

அவ்வுலகு தாம்பரத்துச் சிறுமிக்கு முற்றிலும் அயலாக இருந்ததா? இல்லை என்றே தோன்றுகிறது. இங்கு இக்கட்டுரையாளரின் நினைவு சிறிது பயன்படும். குரோம்பேட்டையில் ஏழெட்டு வயதில் கடைக்கு அனுப்பும்போது அம்மா வழி சொல்லும் முறை வரைபடம் சொல்லும் முறையே: பிள்ளையார் கோயில், பால் பூத், அதைத் தாண்டினால் அண்ணாச்சி கடை. மூன்று அடையாளங்கள், அதே வரிசையில், இருமுறை திருப்பிச் சொல்லச் சொல்வார். எழுதத் தெரியாதவரும் இவ்வாறுதான் வழி சொல்வர். ஆற்றுப்படை நூல்களும் இவ்வாறுதான் வழி சொல்கின்றன. தொடரில் வரும் பாலம், ஏரி, மலை எனும் மூன்றும் இப்பகுதிக்குப் புதியவையல்ல. தண்டவாளத்தின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் சுரங்கப்பாதைகளும் மேம்பாலங்களும், செம்பாக்கம், சேலையூர் ஏரிகளும், திருநீர்மலையும் பல்லாவரத்து மலையும் இங்குள்ள பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருந்தவை. காலுக்கு எட்டும் தொலைவுதான் வேறு. கடைக்குப் போகும் வேலை பதினொன்று, பன்னிரண்டு வயதில் பெண்பிள்ளையிடமிருந்து தம்பிக்குக் கைமாறும். அதற்கு யாரும் காரணம் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதாகக் கருதப்படுவதுமில்லை.

தொடர் காட்டும் வழியில் உண்மையான ஆபத்து இல்லை என்பது அதன்மீது வைக்கத்தக்க குற்றச்சாட்டு. நரி பொருளைத்தான் திருடும். காட்டில் ஆடவர் எவரும் இல்லை. மாலை மங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். புறநகர் மின்தொடர்வண்டியில் மகளிர் பெட்டி ஏன் தேவைப்படுகிறது என்பதை இத்தொடர் கொண்டு விளக்க இயலாது. இதை ஏற்கத்தான் வேண்டும். எனினும் ஒன்றைக் குறிப்பிடலாம். நரியை டோரா அடிப்பதில்லை, துரத்துவதில்லை, உதவிக்கு ஆண் ஒருவனை அழைப்பதுமில்லை. 'கூடாது' என்பதை மும்முறை சொல்கிறாள்; பார்க்கும் குழந்தைகளையும் உடன் சொல்லச் செய்கிறாள். உரிய நேரத்தில் சொல்லிவிட்டால் நரி நின்றுவிடும். சிறுமியின் மறுப்புச் சொல்லுக்கு அச்சொல்லளவிலேயே மதிப்பு உண்டு என்று ஏழு வயதில் கேட்டுப் பழகுவது சிறிய செய்தியன்று.

முன்னிலையும் உளப்பாடும்

டோரா திரைக்குள் இருந்தபடி நம்மைப் பார்த்துப் பேசுவாள். வினா எழுப்புவாள், சில நொடி காத்திருப்பாள், பின் விடையை ஏற்றுக்கொண்டதுபோல நடப்பாள். எனவே இத்தொடரின் உரையாடல் பெரும்பகுதி தன்மையிலும் முன்னிலையிலும் அமைந்தது. இங்குத்தான் தமிழ் ஒரு வேலையைச் செய்தது.

தமிழ் வினைமுற்றில் பால் காட்டும் விகுதி படர்க்கைக்கே உரியது. வந்தான், வந்தாள் எனப் பிரியும். வந்தேன், வந்தாய் எனில் பிரியாது. இந்தியில் 'நான் போகிறேன்' என்பதற்கே ஆண் கூறின் ஒரு வடிவமும் பெண் கூறின் வேறொரு வடிவமும் வரும். இந்தி பேசும் டோரா தன்னைப் பற்றிக் கூறும் தோறும் பெண் என அறிவித்தே தீர வேண்டும். தமிழ் டோராவுக்கு அக்கட்டாயம் இல்லை. அவள் 'போகிறேன்' என்றால் போகிறாள், அவ்வளவே. பார்வையாளரை விளிக்கும்போதும், நீ ஆயினும் நீங்கள் ஆயினும், எதிரே இருப்பது சிறுவனா சிறுமியா என மொழி கேட்பதில்லை. பேச்சுத்தமிழ் அந்த இடைவெளியை 'டா', 'டி' என்னும் ஒட்டுகளால் நிரப்பிக்கொள்ளும் என்பது உண்மை. பெண்பிள்ளையைச் செல்லமாக 'டா' போட்டு அழைப்பதும் உண்டு என்பதால் அதுவும் முழுமையான பகுப்பன்று. திரைக்கு வெளியே இருக்கும் குழந்தை இன்ன பால் என அறிய இயலாத டோராவுக்கு அவ்வொட்டுகள் பயன்படா. முன்னிலை வினையை இருதிணைக்கும் பொதுவாகிய விரவுவினையாகத் தொல்காப்பியம் வைத்த முறையும் இங்கு எண்ணத்தக்கது. குரங்கு, பை, வரைபடம், குழந்தை ஆகிய எவற்றையும் ஒரே முன்னிலையால் அவள் அழைக்கிறாள்.

இதனினும் நுண்ணியது 'நாம்'. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை, கேட்பவரை உள்ளடக்கியதா இல்லையா என்பதைக் காட்டாது. தமிழில் நாம், நாங்கள் என இரண்டு உண்டு. மொழிமாற்றுநர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னின்றாரை உளப்படுத்தும், எம், ஏம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் எனச் சேனாவரையர் பகுத்துக் காட்டுவது இவ்வேறுபாட்டின் பழமைக்குச் சான்று. டோராவும் புஜ்ஜியும் சென்று சேர்ந்தபின் பாடும் வெற்றிப்பாட்டு 'நாங்கள்' என அமைந்திருந்தால், வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வெறும் பார்வையாளர் ஆகிவிடும். தொடரின் அமைப்பே 'நாம்' என்பதைக் கோருகிறது. சிறுமி ஒருத்தி தலைமை தாங்கும் பயணத்தில், பார்க்கும் சிறுவன் பால்வேறுபாட்டை உணராமலே உளப்படுத்தப்படுகிறான். எங்கள் தெருவில் நரியைப் பார்த்து மிகுதியாகக் கத்தியவர்கள் பையன்கள். பெண் ஒருத்தியின் ஆணைக்குக் கட்டுப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றியதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

பெண்ணியத் திறனாய்வு இத்தகைய தொடர்களை மதிப்பிடுகையில் சிறுமியர் பெற்ற நம்பிக்கையைப் பற்றியே பேசுகிறது. சிறுவர் பெற்ற பயிற்சி பேசப்படுவதில்லை. பெண்ணின் தலைமையை ஒரு பொருளாகவே கருதாமல் அரைமணி நேரம் அவள் பின்னே நடந்து பழகுவது, அறிவுரைத் தொடர் எதனாலும் தர இயலாத பயிற்சி.

சந்தை ஏற்றிய விகுதி

மொழி ஏற்றாத பால் விகுதியைச் சந்தை ஏற்றியது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் ஜூன் மாதம் தொங்கிய டோரா பைகள் இளஞ்சிவப்பு நிறத்தவை. தொடரில் அவள் சுமக்கும் பையோ ஊதா. டோரா படம் போட்ட தண்ணீர்ப்புட்டி, பென்சில்பெட்டி எல்லாம் பெண்பிள்ளைகளுக்கு. பையன்களுக்குப் பென் 10, ஸ்பைடர்மேன். மாலையில் டோராவுடன் சேர்ந்து கத்திய பையன் மறுநாள் காலை அவள் படமுள்ள பையைத் தூக்கிச் செல்ல மாட்டான். மூலநிறுவனமே 2005இல் டோராவின் உறவினனான டியேகோவைத் தலைவனாக்கித் தனித்தொடர் ஒன்றைத் தொடங்கியது.

2009இல் நடந்தது இன்னும் தெளிவான செய்தி. மேட்டல் நிறுவனமும் நிக்கலோடியனும் சேர்ந்து, வயதில் வளர்ந்த டோரா ஒருத்தியைப் பொம்மையாக வெளியிடப்போவதாக அறிவித்தன. குட்டை முடியும் கால்சட்டையும் போய், நீள்கூந்தலும் ஒயிலான உடையும் வந்தன. அமெரிக்கப் பெற்றோர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். நம் உலா நூல்கள் வகுக்கும் எழுபருவ மகளிரை அறிந்தவர்க்கு இதில் புதுமை இராது. பேதைக்கு வயது ஐந்து முதல் ஏழு. அவள் உலா வரும் தலைவனைக் கண்டும் ஒன்றும் அறியாள். பெதும்பைப் பருவம் முதல் மாற்றம் தொடங்கும். ஏழு வயது டோரா பேதைப் பருவத்தின் கடைசிப் படியில் நிறுத்திவைக்கப்பட்டவள். அவளுடைய வழிநடை உரிமை அப்பருவத்திற்கே வழங்கப்பட்ட உரிமை. அடுத்த படியில் கால் வைத்ததும் பொம்மை நிறுவனம் அவளுக்குக் கூந்தல் வளர்த்தது. குரோம்பேட்டையில் கடைக்குப் போகும் வேலை தம்பிக்குப் போயிற்று. இரண்டும் ஒரே விதியின் செயல்.

வினாவின் வகை

டோராவைப் பற்றிய இன்றைய தமிழ் நினைவு பெரும்பாலும் கேலியாகவே வழங்குகிறது. மலைக்கு முன்னே நின்றுகொண்டு 'மலை எங்கே?' எனக் கேட்பவள், கண்முன் இருப்பதைக் காணாதவள், அறிவிலி. மீம்களில் இவ்வடிவமே மிகுதி. அதிலிருந்து பேச்சுவழக்கிற்கும் வந்துவிட்டது. வகுப்பில் ஐயம் எழுப்பும் மாணவியைப் பின்வரிசையிலிருந்து 'டோரா' என்றழைப்பதை இக்கட்டுரையாளர் கல்லூரி நாட்களில் பலமுறை கேட்டதுண்டு. மாணவனை அவ்வாறு அழைத்துக் கேட்டதில்லை.

இக்கேலி ஓர் இலக்கணப் பிழையின்மேல் கட்டப்பட்டது. நன்னூல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கிறது. விடையைத் தான் அறிந்திருந்தும் எதிரிலுள்ளார் அறிவரோ எனத் தெரிந்துகொள்ள வினவுவது அறிவினா; ஆசிரியன் மாணாக்கனை வினவுவது அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. விடை அறியாமையால் வினவுவது அறியாவினா; மாணாக்கன் ஆசிரியனை வினவுவது. ஒரே வினாத்தொடர் இரண்டாகவும் வரும். கேட்பவர் இருக்கும் இடமே வகையைத் தீர்மானிக்கிறது. 'மலை எங்கே?' எனத் தமிழாசிரியர் வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் எவரும் நகைப்பதில்லை.

டோராவின் வினா ஐயத்திற்கு இடமின்றி அறிவினா. அவள் மலையை அறிவாள். பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளை அறியுமா என்பதே கேள்வி. தொடர் அச்சிறுமியை ஆசிரியன் இருக்கையில் அமர்த்தியது. மணிமேகலை ஆணுரு கொண்டு சென்றது சமயக்கணக்கரிடம் கேட்டறிவதற்கு. அதாவது அறியாவினாவிற்கே அவளுக்கு ஒரு மந்திரம் தேவைப்பட்டது. ஏழு வயதுப் பெண் அறிவினா தொடுக்கிறாள் என்பது அதனினும் ஒரு படி மேலான உரிமை. மீம் செய்வது அவ்வினாவின் வகையை மாற்றுவதுதான். அறிவினாவை அறியாவினாவாகக் கேட்ட அளவில் ஆசிரியை அறிவிலி ஆகிறாள். வினாவிய உரு சிறுமியுடையதாக இருந்ததால் இம்மாற்றம் இத்தனை எளிதில் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று கருத இடமுண்டு. இளையள், பெண் எனக் கூறி மெய்ப்பொருள் உரைக்க மறுத்தவர்களும், இளையள், பெண் எனக் கண்டு அவள் வினாவில் அறிவிருக்கும் என நினைக்க மறுப்பவர்களும் வெகுதொலைவில் இல்லை.

இதற்கு மறுப்பாக, வளர்ந்தபின் குழந்தைத் தொடரைக் கேலிசெய்வது எல்லாத் தொடர்க்கும் நேர்வதே எனலாம். நேர்வதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் எதைக் கேலிக்குத் தேர்கிறோம் என்பது வேறுபடுகிறது. சோட்டா பீமின் லட்டும் வலிமையும் மிகையென்று நகைக்கிறோம். பீமை அறிவிலி என்று நகைப்பது அரிது. டோராவிடம் பேசும் பையும் பேசும் வரைபடமும் இருக்க, அவற்றையெல்லாம் விட்டுவிட்டு வினவும் செயலையே கேலி பற்றிக்கொண்டது.

கேலிக்கு வழிவகுத்த மற்றொன்று ஊடகமாற்றம். நன்னூல் கூறும் விடைகள் எட்டனுள் முதலாவது சுட்டு. டோரா வினவியபின் வரும் சில நொடி மௌனத்தில், தாம்பரத்திலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் பிள்ளைகள் எழுந்து நின்று திரையைத் தொட்டு 'அதோ!' என்றது சுட்டு விடை. அம்மௌனம் இல்லையேல் வினா முழுமை பெறாது. அறிவினா என அதனை அடையாளம் காட்டுவதும் அம்மௌனமே. மீம் ஒரு நிலைப்படம். அதில் டோராவும் மலையும் இருக்கின்றன. காத்திருந்த நொடிகள் இல்லை. விடை சொன்ன பிள்ளைகளும் இல்லை.